பதற்றம் குடியிருக்கும் வீட்டில் எந்தப் பழக்கம் தங்கும்?

அக்டோபர் பிறந்துவிட்டால் கடலூரில் பேச்சு மாறிவிடும். மஞ்சக்குப்பம் டீக்கடையில் அரசியலுக்கு நடுவே வங்கக்கடல் வந்து உட்கார்ந்துகொள்ளும். "அந்தமான் பக்கம் ஒண்ணு உருவாகுதாம்" என்று யாராவது சொன்னால் போதும், நாலு பேர் போனை எடுத்து விண்டி என்ற வானிலை ஆப்பைத் திறப்பார்கள். இந்த ஊருக்கு அப்படிப் பார்க்கக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினத்தையும் மற்ற மீனவ ஊர்களையும் புரட்டிப் போட்டது. 2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறி, பண்ருட்டிப் பக்கம் தலைமுறைகளாக நின்ற பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015-இல் வெள்ளம். 2020-இல் நிவர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கொட்டித் தீர்த்தது. அப்புறம்தான் கடலூருக்குப் பெரிய அடி. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை மீறி வீடுகளுக்குள் வந்தது. மழை விட்டபிறகும் வெள்ளம் வரும் என்று ஒருமுறை பார்த்துவிட்ட மனம், மழை விட்டாலும் ஓயாது.

இந்தப் பருவத்தில் எத்தனை பழக்கங்கள் தானாக முளைக்கின்றன என்று பாருங்கள். கண் விழித்ததும் ரேடார் படம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப் குழு. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ள மச்சானுக்கு ஒரு போன். ராத்திரி எழுந்து வாசலைத் திறந்து ஒரு பார்வை. இவற்றுக்காக யாரும் சபதம் எடுக்கவில்லை, காலண்டரில் டிக் போடவில்லை. ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டன. அதே ஆள் புத்தாண்டில் ஆரம்பித்த மூச்சுப் பயிற்சியும், சில்வர் பீச் நடையும், டைரி எழுதுவதும் பொங்கலைத் தாண்டவில்லை. பதற்றம் உள்ளவர்கள் இதற்குத் தங்களையே திட்டிக்கொள்வார்கள்: எனக்கு மன உறுதி கிடையாது, எதையும் தொடர்ந்து செய்ய வராது என்று.

எனக்கு இது தப்பான தீர்ப்பாகவே படுகிறது. பதற்றப்படும் மனம் மற்றவர்களைவிட வேகமாகப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. எதைப் பிடிக்கிறது என்பதில்தான் சிக்கல். அது ஏன் என்று புரிந்துகொண்டால், நல்லதாக ஒன்றிரண்டைப் பிடிக்க வைக்கும் வழியும் ஓரளவு தெரிந்துவிடும்.

உடம்புக்குள் ஒரு எச்சரிக்கைக் கூண்டு

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 1 என்றால் தூரத்தில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். 10 என்றால் கடும் புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கப்போகிறது. பதற்றம் முற்றிய உடம்பில் நடுவிலுள்ள எண்களே இல்லாமல் போய்விடுகின்றன. 1-க்கு உரிய சேதி வந்தாலும் நேராக 10 ஏறிவிடும்.

ஏற்றுவது மூளையின் உட்புறத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி. அபாயம் என்று அது முடிவுகட்டியதும் நரம்பு வழியாகச் சேதி போய், சில நொடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. சில நிமிடங்களில் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. இதயம் வேகமெடுக்கும், மூச்சு மேலோட்டமாகும், செரிமானம் நின்று வயிற்றைப் பிசையும், கை கால் வெலவெலக்கும். இதெல்லாம் ஓடித் தப்பிப்பதற்கான ஏற்பாடு. ஓடவேண்டிய இடம்தான் இல்லை. ஆள் கட்டிலில் படுத்திருக்கிறார், கையில் போன். "எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டில் சொல்வது இதனால்தான் எரிச்சலைக் கிளப்புகிறது. நெஞ்சு உண்மையிலேயே படபடக்கிறது.

இந்த நேரத்தில் பின்னுக்குப் போவது, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி. திட்டம் போடுவது, நினைவில் வைத்திருப்பது, 'இப்போது இதைச் செய்யலாம்' என்று தேர்ந்தெடுப்பது எல்லாம் அதன் வேலை. நல்ல பழக்கங்கள் ஏன் கைவிடுகின்றன என்பதற்கு ஒரு பாதி பதில் இதிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக உட்கார்ந்து போட்ட திட்டத்தை, கூண்டு ஏறிய ராத்திரியில் நினைவுபடுத்த வேண்டிய பகுதி, அன்றைக்கு லீவில் இருக்கிறது.

அப்போது மனிதர்கள் எதைச் செய்வார்கள்? ஏற்கெனவே பழகியதைத்தான். 2009-இல் ஜெர்மனியில் லார்ஸ் ஷ்வாபே, ஆலிவர் வோல்ஃப் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலரைக் கையை ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொல்லி மன அழுத்தத்துக்கு ஆளாக்கினார்கள். எந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தால் எந்தப் பண்டம் கிடைக்கும் என்று எல்லோரையும் பழக்கினார்கள். அழுத்தத்துக்கு ஆளானவர்கள், வயிறு நிறைய உண்டு அலுத்துப்போன பண்டத்துக்கான குறியையே, பழகிய தோஷத்தில், தொடர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். அழுத்தம் இல்லாதவர்கள் மாற்றிக்கொண்டார்கள். 2013-இல் அமெரிக்காவில் டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் கண்டது இன்னும் சுவாரசியமானது. தேர்வு வாரங்களில் மாணவர்கள் தங்கள் பழைய பழக்கங்களை, கெட்டதை மட்டுமல்ல நல்லதையும், மற்ற வாரங்களைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். சத்தான காலை உணவு பழகியிருந்தவர் அதைக் கூடுதலாகச் சாப்பிட்டார், இனிப்பு பழகியிருந்தவர் இனிப்பை. பதற்றம் வரும் நாளில் புதிதாக எதுவும் வராது. அதற்கு முன்பே ஊறிப்போனது எதுவோ அது வரும்.

நிம்மதியிடம் கற்கும் பாடம்

தென்பெண்ணைக் கரைப் பக்கம் வீடு உள்ள ஒரு அக்காவை எனக்குத் தெரியும். வீட்டிலேயே தையல் வேலை. 2024 வெள்ளத்தில் தண்ணீர் வாசலின் மூன்றாவது படியைத் தாண்டியதும் வீட்டுக்குள் வந்துவிட்டது. தையல் மெஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அதற்கு அடுத்த மழையிலிருந்து அக்கா ராத்திரியில் எழுந்து, தாழ்ப்பாளை நீக்கி, மூன்றாவது படியில் டார்ச் அடித்துப் பார்ப்பார். படி காய்ந்திருக்கும். அப்பாடா என்று வந்து படுப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு எண்ணம்: இப்ப ஏறியிருந்தா? மறுபடி டார்ச். நைட் ஷிஃப்டில் இருக்கும் மகனுக்கு ஒரு போன். "டேய், அணையத் தொறந்துட்டாங்களாடா?" "இல்லம்மா, படுங்கம்மா." கோடை வந்த பிறகும் டார்ச் அடிப்பது நிற்கவில்லை. சித்திரை மாசத்தில் எந்தத் தண்ணீர் வரும்? அது அக்காவுக்கும் தெரியும்.

நடப்பது இதுதான். பயம் ஏறுகிறது. ஒரு செயலைச் செய்கிறோம். பயம் சட்டென்று இறங்குகிறது. 'இதைச் செய்தால் இறங்கும்' என்று மூளை குறித்துக்கொள்கிறது. பரிசு உடனே, ஒவ்வொரு முறையும் கிடைத்தால் பழக்கம் வேகமாக உறையும். அந்த அப்பாடாவைவிட வேகமான பரிசு எது? அமெரிக்க உளவியலாளர் ஹோபர்ட் மௌரர் 1940-களிலேயே இதற்கு அடித்தளம் போட்டார். பயம் ஒரு வழியில் வந்து சேர்கிறது, அதிலிருந்து தப்பிக்கும்போது கிடைக்கும் நிம்மதி அதை நிலைநிறுத்துகிறது என்றார். 1991-இல் பிரிட்டனின் பால் சால்கோவ்ஸ்கிஸ் இன்னொரு இழையைச் சேர்த்தார். இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பவர், தான் பார்த்ததால்தான் எதுவும் நடக்கவில்லை என்று உள்ளுக்குள் நம்பத் தொடங்கிவிடுகிறார். பார்க்காமல் இருந்தாலும் படி காய்ந்தே இருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை.

இதை எதிர்த்து நிற்கவேண்டிய நல்ல பழக்கத்தின் நிலையைப் பாருங்கள். இன்று அரை மணி நடந்தால் இன்றே பெரிதாக ஒன்றும் தெரியாது; பலன் வர வாரக்கணக்காகும். டார்ச்சுக்கு இரண்டு நொடியில் கூலி, நடைக்கு இரண்டு மாதம் கழித்து. போட்டி ஆரம்பத்திலேயே சமமில்லை. இதில் மன உறுதியைக் குறை சொல்வது அநியாயம்.

21 நாள் கணக்கு

பழக்கத்துக்கு 21 நாள் போதும் என்று யூடியூபிலிருந்து கல்யாண மண்டபப் பேச்சு வரை எல்லா இடத்திலும் கேட்கலாம். இதன் வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் எழுதினார். 'குறைந்தது' வழியிலேயே உதிர்ந்துவிட்டது. முகத்துக்குப் பழகுவது பழக்கமாகவும் மாறிவிட்டது.

அளந்து பார்த்தவர் லண்டனில் பிலிப்பா லாலி. 2009-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் 96 பேர் ஆளுக்கொரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் தினமும் செய்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே வருமளவு ஊற நடுமட்டமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். 254 என்பது ஆய்வு முடிந்தபின் கணக்குப் போட்டு நீட்டிப் பார்த்த எண். ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் பிடித்தது, உடற்பயிற்சி மெதுவாக. இவர்கள் பதற்றக் கோளாறுக்குச் சிகிச்சை தேடி வந்தவர்கள் கிடையாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

அந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்தது 66 என்ற எண் கிடையாது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான். பதற்றம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் அவர்கள் பழக்கத்தை விடுவது பெரும்பாலும் முதல் நாள் தவறியதும்தான். ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு, நான் இப்படித்தான் என்று ஒரு பெரிய தீர்ப்பு எழுதி மூட்டை கட்டிவிடுவார்கள். மொபைல் ஆப்களில் 'தொடர்ந்து இத்தனை நாள்' என்று நெருப்புப் படம் போட்டுக் காட்டும் கணக்கு இதை இன்னும் மோசமாக்குகிறது என்பது என் கருத்து. பதற்றமுள்ளவர் கையில் அது இன்னொரு கவலைப் பொருள்.

பால் பொங்கும் நேரம்

சரி, நல்ல பழக்கத்தை எப்படி ஊன்றுவது? ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990-களில் எளிமையான ஒன்றைக் காட்டினார். 'தினமும் செய்வேன்' என்பதைவிட, 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். 2006-இல் பாஸ்கல் ஷீரனுடன் சேர்ந்து 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் விளைவு திடமாகவே இருந்தது. காரணம் நேரடியானது. நினைவுபடுத்தும் வேலையை மூளையிலிருந்து எடுத்து, வெளியே நடக்கும் ஒரு நிகழ்விடம் ஒப்படைத்துவிடுகிறோம். மூளை லீவில் இருந்தாலும் அந்த நிகழ்வு லீவு எடுக்காது.

நம் வீடுகளில் அப்படிப்பட்ட நிகழ்வுகளுக்குப் பஞ்சமா? வாசல் தெளிப்பது, பால் காய்ச்சுவது, குழாயில் தண்ணீர் வருவது, மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருப்பது, விளக்கேற்றுவது, கேட்டைப் பூட்டுவது. அலாரத்தைவிட இவை நல்லவை. அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கலாம், அடுப்பில் பாலை வைத்துவிட்டு எங்கும் போக முடியாது. அந்த அக்கா கடைசியில் பிடித்துக்கொண்டது இதைத்தான். பால் அடுப்பில் ஏறியதும் மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக விடுவது, பால் பொங்கும்வரை. எப்படியும் அங்கே நின்றுதான் ஆகவேண்டும். அதற்கு முன் மகன் வாங்கிக் கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு விடியற்காலை சில்வர் பீச்சுக்கு ஆட்டோவில் போய் நடந்துவிட்டு வருவது என்று ஒரு திட்டம் இருந்தது. ஷூ இன்னும் புதிதாகவே இருக்கிறது.

மூச்சை ஏன் நீளமாக விடவேண்டும்? உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாக வேகமெடுக்கும், விடும்போது தணியும். இதை நடத்துவது மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பு. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. அந்த வேகத்தில் இதயத்தின் ஏற்ற இறக்கம் நன்றாக விரிந்து, உடம்பை அமைதிக்குக் கொண்டுவரும் நரம்பு மண்டலத்தின் கை ஓங்குகிறது. எண்ணிக்கை துல்லியமாக வரவேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். தலை கிறுகிறுத்தால் வேகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், சாதாரண மூச்சுக்கு வந்துவிடுங்கள்.

அளவு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பழக்கத்தின் அளவை உங்கள் நல்ல நாளைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, இருப்பதிலேயே மோசமான நாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இரவு முழுக்கத் தூக்கமில்லை, நெஞ்சு அடைக்கிறது, வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அன்றைக்கும் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் அதுதான் அளவு. நடை என்றால் செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புவது. எழுதுவது என்றால் ஒரு வரி. 'இவ்வளவு சின்னதாகச் செய்து என்ன பிரயோஜனம்' என்ற கேள்வி வரும். தெருமுனை வரை போனால் உடம்பு தேறாதுதான். ஆனால் செருப்பு மாட்டும் அந்தக் கணம் ஊறிவிட்டால், தெம்புள்ள நாளில் கால் தானாகக் கடற்கரை வரை போகும். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி, மாலை ஆனதும் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள். தூரம் கூடலாம் குறையலாம். ஒப்பந்தம் மட்டும் தெருமுனைதான். அதைத் தெம்புள்ள நாளில் உயர்த்தி எழுதினால் தெம்பில்லாத நாளில் உடையும்.

இன்னொன்று: ஒரே நேரத்தில் ஒன்று போதும். யோகா, தியானம், டைரி, சர்க்கரையை விடுவது என்று நாலையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பிப்பதும் பதற்றத்தின் வேலைதான்.

பார்ப்பதற்கு ஒரு நேரம்

டார்ச்சை என்ன செய்வது? 'இனிமேல் பார்க்கவே கூடாது' என்றால் நடக்காது. கடலூரில் ஆற்றங்கரையில் வீடு வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பது புத்திசாலித்தனமும் கிடையாது. இங்கே அபாயம் கற்பனையில்லை.

முதலில் தயாராவதையும் சரிபார்ப்பதையும் பிரித்துவிட வேண்டும். பத்திரம், ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வைப்பது தயாரிப்பு. ஒருமுறை செய்தால் முடிந்தது. அது அங்கேதான் இருக்கிறதா என்று தினமும் ஏறிப் பார்ப்பது வேறு ஜாதி.

அடுத்தது நேரம். கவலைக்கென்று தினமும் அரை மணி நேரம் ஒதுக்கும் முறையை அமெரிக்காவின் தாமஸ் போர்கோவெக்கும் அவர் குழுவினரும் 1983-இல் எழுதினார்கள். ஒரே இடம், ஒரே நேரம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் 'இதை ஆறு மணிக்குப் பார்க்கலாம்' என்று குறித்து வைத்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புவது. கவலையை விரட்டச் சொல்லவில்லை, தள்ளிப்போடச் சொல்கிறார்கள். விரட்டினால் அது பிடரியைப் பிடிக்கும். தள்ளிப்போட்டால் பாதி ஆறு மணிக்குள் ஆறிப்போகும். ஆறு மணிக்கு உட்கார்ந்ததும் கவலைப்பட ஒன்றும் தோன்றாமல் பலர் சும்மா இருப்பார்கள். அதுவும் நல்லதுதான்.

மழைக்காலத்துக்கு இதை மாற்றிக்கொள்ள வானிலை ஆய்வு மையமே உதவுகிறது. வங்கக்கடலில் ஒன்று புயலாக வலுப்பெற்றுவிட்டால் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை வரும். நடுவில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திறந்தால் கிடைப்பது அதே அறிக்கையும் அதற்கு நூறு பேர் போட்ட வாய்ஸ் மெசேஜும்தான். ஆகவே புயல் நாளில் அறிக்கை வரும் நேரம்தான் பார்க்கும் நேரம். புயல் இல்லாத மழை நாளில் காலை, மாலை, படுக்கும் முன். அணை திறப்பு, வெளியேறச் சொல்லும் அறிவிப்பு போன்றவற்றுக்கு, விழித்திருந்து உங்களை எழுப்பக்கூடிய ஒரே ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அக்கா வீட்டில் அது மகன். அவர் போன் அடித்தால் எழுந்திருக்கலாம், அடிக்காவிட்டால் படுத்திருக்கலாம் என்று பேச்சு. டார்ச் முழுசாக நின்றுவிட்டதா என்றால் இல்லை. கேட்டைப் பூட்டப் போகும்போது ஒருமுறை அடிக்கிறார். மழை நாளில் ஒன்றிரண்டு கூடும். கோடையில் எழுந்து போவது நின்றுவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுந்திருக்கும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். தூக்கத்தை நேர்படுத்த அதுவே சுலபமான பிடி. காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறைய உடம்புக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணி டிகாக்‌ஷனில் பாதி, ராத்திரி பத்து மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காஃபின் தரும் படபடப்புக்கும் பதற்றத்தின் படபடப்புக்கும் உடம்பு வித்தியாசம் சொல்லாது. காபியை விடுங்கள் என்று இந்த ஊரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. மத்தியானத்தோடு நிறுத்திப் பார்க்கலாம்.

நல்லது கெட்டதாக மாறும் இடம்

மூச்சுப் பயிற்சி, ஜபம், நடை எதுவுமே டார்ச்சாக மாறிவிடலாம். 'பால் அடுப்பில் இருக்கும்போது மூச்சு விட்டேன், அதனால்தான் இன்று தப்பித்தேன். விடாவிட்டால் ஏதாவது ஆகிவிடும்' என்று தோன்ற ஆரம்பித்தால் அது பழைய கதைதான், உடை மட்டும் புதுசு. கண்டுபிடிப்பது சுலபம். ஒரு நாள் அதைச் செய்யாமல் விட நினைத்தால் லேசான குறையாகத் தெரிகிறதா, பயமாக இருக்கிறதா? பயமாக இருந்தால் அவ்வப்போது வேண்டுமென்றே ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

இதை ஒட்டியே இன்னொரு சிக்கல். பழக்கத்தைச் செய்து முடித்ததும் 'பதற்றம் குறைந்ததா' என்று உள்ளே எட்டிப் பார்ப்பது. குறையாவிட்டால் 'இது வேலைக்கு ஆகாது' என்று விட்டுவிடுவது. பதற்றத்துக்கான சிகிச்சையை ஆராய்ந்த மிஷெல் கிராஸ்கே போன்றவர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பழைய பயம் அழிந்துபோவதில்லை. அதன் பக்கத்தில் 'பயம் இருந்தாலும் இதைச் செய்ய முடிந்தது' என்ற புதுப் பாடம் ஒன்று உட்கார்ந்து, மெல்ல வலுவாகிறது. நெஞ்சு படபடக்கும்போதே தெருமுனை வரை போய்வந்த நாள் வீணான நாள் கிடையாது. கணக்குப் பார்த்தால் அதுதான் அதிகம் கற்றுக்கொடுத்த நாள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்று முப்பது தடவை சொல்வதும் ஒரு டார்ச்தான். பிடித்திருப்பது உங்கள் கை. முதல் முறை சொல்லலாம். அதற்கு மேல் கேட்டால், "இதுக்குப் பதில் உனக்கே தெரியும். வா, அந்தத் துணிய மடிச்சு வச்சிடலாம்" என்று கையைப் பிடித்து வேலைக்கு இழுத்துப் போவது பலன் தரும். கேலி பண்ணுவது எதற்கும் உதவாது.

சின்னப் பழக்கத்துக்கு எல்லையும் உண்டு. வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மாதக்கணக்காகத் தூக்கம் கெட்டிருக்கிறது, திடீரென மூச்சு முட்டிச் செத்துவிடுவோம் என்ற பயம் அடிக்கடி வந்து போகிறது, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறது. இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு கூடியிருந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி-மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது, எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். சிபிடி என்று சொல்லும் பேச்சுச் சிகிச்சையில் மேலே சொன்ன டார்ச் விஷயத்தைத்தான் முறையாக, படிப்படியாகச் செய்ய வைப்பார்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் நிறுத்திவிட்டு மருந்து சரியில்லை என்று சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டில் வாங்கிய தூக்க மாத்திரை கூடவே கூடாது.

கடைசியாக, புயல் வாரம். பழக்கம் இடத்தோடும் நேரத்தோடும் ஒட்டியது என்பதால், இடம் மாறினால் கழன்றுவிடும். பள்ளிக்கூட முகாமில் தங்கியிருப்பவருக்கு அடுப்பும் இல்லை, கேட்டும் இல்லை. அந்த நாட்களில் பழக்கம் விட்டுப்போகும், போகட்டும். வீடு திரும்பியதும் எங்கிருந்து மறுபடி பிடிப்பது என்பதை மட்டும் செப்டம்பரிலேயே முடிவு செய்து வைத்திருங்கள். புயலுக்குப் பிறகு வீட்டில் எது முதலில் திரும்பி வருகிறதோ அதில் கட்டுவது நல்லது. தானே புயல் அடித்தபோது பல ஊர்களில் கரண்ட் வர நாட்கணக்கில் ஆனது; ஆகவே மோட்டார், டிவி, போன் சார்ஜ் எதிலும் கட்ட வேண்டாம். பால் பாக்கெட் அதற்கு முன்பே வந்துவிடும். கேஸ் சிலிண்டரை வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்திருந்தால் அன்றைக்கே காய்ச்சலாம்.